வைகை கடலைத் தொடும் இடம்: இராமநாதபுரம் கரையின் பழைய துறைமுகங்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் போகிறவர்கள் பெரும்பாலும் இராமநாதபுரத்தை ரயில் ஜன்னல் வழியாகவே பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். கோயில், தீர்த்தம், தனுஷ்கோடி என்று பயணம் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த மாவட்டத்தின் கரை முழுவதுமே துறைமுகக் கரை. ரோமானியக் காசுகள் கிடைத்த அழகன்குளம், சீனப் பீங்கான் கிடைத்த பெரியபட்டினம், கடல் வணிகரான மரக்காயர்களின் கலங்கள் வந்து நின்ற கீழக்கரை, இலங்கைக்கு நீராவிக் கப்பல் விட்ட தனுஷ்கோடி என்று ஒன்று ஓய்ந்த பிறகு இன்னொன்று எழுந்திருக்கிறது. இராமநாதபுரத்தில் தங்கினால் இந்த நான்கையும் மூன்று நாளில் பார்த்துவிடலாம்.

இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அருங்காட்சியகம், அப்புறம் வைகை முகத்துவாரம், பிறகு தென்கரை, கடைசியில் பாம்பனும் தனுஷ்கோடியும். நேராக அழகன்குளத்துக்குப் போய் இறங்கினால் மணலும் பனையும்தான் கண்ணில் படும். மண்ணுக்கு அடியிலிருந்து என்னென்ன வந்தது என்று பார்த்துவிட்டுப் போனால், அதே மணல் மேட்டில் நிற்பது வேறு அனுபவம்.

கப்பலிலேயே வந்து இறங்க முடியுமா?

சொகுசுக் கப்பல் பயணம் பரவலாகிவிட்டதால் பலர் இதைக் கேட்கிறார்கள். முடியாது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல் திட்டுகள். பாம்பன் கால்வாய் வழியாகச் சிறிய கலங்கள்தான் போக முடியும். அதனால்தான் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றிப் போகின்றன. கப்பல் பயணத்தில் வருகிறவர்கள் தூத்துக்குடி, கொச்சி, சென்னை போன்ற துறைமுகங்களில் இறங்கி, தரை வழியாகத்தான் இங்கே வர வேண்டும்.

அப்படியானால் பழைய காலத்தில் எப்படித் துறைமுகம் நடந்தது? அன்றைய கலங்களுக்கு இன்றைய கப்பல் அளவுக்கு ஆழம் தேவைப்படவில்லை. பெரிய கலம் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். ஆற்று முகத்துவாரம் இருந்தால் தோணிகள் உள்ளே ஒதுங்கலாம், நல்ல தண்ணீரும் கிடைக்கும். ஆற்று வழியே போனால் உள்நாட்டுத் தலைநகரத்தையும் தொட்டுவிடலாம். வைகைக்கு இவை எல்லாம் அமைந்திருந்தன.

எப்போது வருவது: காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

இந்தக் கரைக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்தில் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம் மாதிரி கிடக்கும்போது மற்றது இரைந்துகொண்டிருக்கும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது தெற்குக் கடல் கொந்தளிப்பாகவும் வடக்குக் கடல் ஓரளவு அடங்கியும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று. மழையும் புயலும் இந்த மாதங்களில்தான், வடக்குக் கடல் முரண்டு பிடிக்கும். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நல்ல காலம். வெயில் தாங்கும்படி இருக்கும், படகுப் பயணமும் பெரும்பாலும் தடைபடாது. சித்திரை, வைகாசியில் வந்தால் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் வெளியே சுற்றுங்கள். நிழல் குறைவான நாடு இது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகள் மட்டும்தான் போகும். மீன் சாப்பிடவே வருகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கலாம். படகுகள் கரையில் ஏறி, பழுது பார்த்து, சாயம் பூசப்படுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் சரியான நேரம்.

எப்படி வருவது, எங்கே தங்குவது

மதுரைதான் வாசல். விமான நிலையம் அங்கே இருக்கிறது. மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரத்துக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. சாலை வழியே ஏறத்தாழ 110 கிலோமீட்டர்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. மதுரையை விட்டுக் கிளம்பியதும் கீழடியில் இறங்கி, 2023இல் திறந்த அருங்காட்சியகத்தை இரண்டு மணி நேரம் பாருங்கள். கீழடியும் வைகைக் கரை, அழகன்குளமும் வைகைக் கரை. நெசவும் மணியும் மண்பாண்டமும் செழித்த ஊரை முதலில் பார்த்துவிட்டு, அந்த ஆற்றின் வாயில் இருந்த துறைமுகத்துக்குப் போவது பொருத்தமாக இருக்கும். நீங்கள் வரும் சாலையும் ஆற்றை ஒட்டியபடியேதான் கிழக்கே வருகிறது.

தங்குவதற்கு ராமேஸ்வரத்தைவிட இராமநாதபுரமே வசதி. அழகன்குளம் கிழக்கே, கீழக்கரை தெற்கே, தேவிபட்டினம் வடகிழக்கே என்று எல்லாம் 20 கிலோமீட்டர் சுற்றளவில் அடங்கும். ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். நகரப் பேருந்துகள் கிராமங்களுக்குப் போகின்றன என்றாலும், மதியத்தில் இடைவெளி அதிகம். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது நல்லது. வாடகை பேசும்போதே போகிற ஊர்களின் பெயரை எல்லாம் சொல்லிவிடுங்கள். "சும்மா சுத்திப் பாக்கணும்" என்று சொன்னால் நேராக ராமேஸ்வரத்துக்குத்தான் வண்டி போகும்.

முதல் நாள் காலை: இராமலிங்க விலாசம்

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிறது இராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம். உள்ளே சுவரும் விதானமும் தெரியாத அளவுக்கு ஓவியங்கள். அவருக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்டவை. ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் இருக்கிறது. அவசரமாகப் பார்க்காமல், ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்கும் காட்சியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். தொப்பியும் நீள அங்கியுமாக வெளிநாட்டார் வந்து நிற்க, சேதுபதி அவர்களை வரவேற்கிறார். இந்தக் கரையின் முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் டச்சுக்காரர்கள் சேதுபதிகளோடு ஒப்பந்தம் போட்ட காலம் அது. துறைமுக வரலாற்றின் ஒரு பக்கத்தை ஓவியர் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அருங்காட்சியகமும் நடத்துகிறது. அழகன்குளத்துப் பொருள்களை இங்கேதான் பார்க்க வேண்டும். அவசியம் பார்க்க வேண்டியது ரௌலட் வகை மட்கலத்தின் ஓடு. முதல் பார்வைக்கு உடைந்த சாம்பல் நிறத் தட்டு, அவ்வளவுதான். குனிந்து பாருங்கள். ஓடு மெலிதாக, கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும். தட்டின் உட்புற அடியில், நடுப்புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாக, ஊசி முனையால் குத்தியதுபோல் நுண்ணிய வரிவரியான பதிவுகள். சக்கரம் சுழலும்போதே அதைப் பதித்த கைக்கு எவ்வளவு பழக்கம் இருந்திருக்க வேண்டும்! 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த காலத்தில் இது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தார்கள். பிற்பாடு களிமண்ணை ஆராய்ந்தபோது, இந்தியாவிலேயே செய்து கடல் வழியாக ஊர் ஊராகப் போன பாண்டம் என்று தெரியவந்தது. ரோமானியரோடு நடந்த வணிகத்தை மட்டுமே பெரிதாகப் பேசுகிறோம். வங்கக் கடலோரமாக ஊருக்கு ஊர் நடந்த நம் வணிகமும் அதற்குக் குறைந்ததல்ல என்று இந்த ஓடு சொல்கிறது.

விடுமுறை நாளை விடுதியிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். அரசு அருங்காட்சியகங்களின் விடுமுறை நாள் நாம் நினைக்கும் ஞாயிறாக இருக்காது.

முதல் நாள் மாலை: அழகன்குளமும் ஆற்றங்கரையும்

போகும் முன் இராமநாதபுரம் பெரிய கண்மாயின் கரையில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். வருசநாட்டு மலையில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை இந்தக் கண்மாய்க்குத்தான் வந்து சேர்கிறது. மிஞ்சுகிற தண்ணீர்தான் கடலுக்குப் போகிறது. வழியெங்கும் வயலுக்கும் கண்மாய்க்கும் தண்ணீர் பிரிந்துவிடுவதால், பெரிய வெள்ளம் வரும் ஆண்டுகளில்தான் ஆறு கடலைத் தொடும். இதை நேரில் பார்த்தபின், ஒரு துறைமுகம் ஏன் ஓய்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கண்மாயைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் சாலையில் கிழக்கே போய், வடக்கே கடலை நோக்கித் திரும்ப வேண்டும். பனைக்குளம், அழகன்குளம், ஆற்றங்கரை மூன்றும் அடுத்தடுத்த ஊர்கள். ஊருக்குள் போய் "கோட்டைமேடு எங்கே இருக்குண்ணே?" என்று கேளுங்கள். அகழாய்வு என்றால் சிலருக்கு விளங்காது, கோட்டைமேடு என்றால் கை காட்டுவார்கள்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87இல் இங்கே முதலில் குழி போட்டது. அதன்பின் பல பருவங்கள், கடைசியாக 2016-17. ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள், கங்கைச் சமவெளியின் கறுப்பு மெருகு மட்கலம், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய ஓடுகள், மணிகள், சங்கு வளையல் துண்டுகள் கிடைத்தன. இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகளும் வந்தன. இவர்கள் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அதாவது, ரோமானிய வணிகம் முதல் இரண்டு நூற்றாண்டோடு முடிந்துபோகவில்லை, இந்தக் கரையில் வெகுகாலம் தொடர்ந்திருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடு. பாய்மரமும் கயிறுமாக, கடலில் கண்ட கலத்தை யாரோ ஒருவர் பானை மேல் கீறி வைத்திருக்கிறார்.

சங்கப் பாடல்களில் வரும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக வளரும்.

இன்று அங்கே போனால் குழிகள் மூடப்பட்ட மேடும் பனைகளும்தான் இருக்கும். தரையில் ஓட்டுத் துண்டுகள் கிடக்கலாம். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். கிடந்த இடத்தில் கிடக்கும்வரைதான் அது சான்று. பைக்குள் போன ஓடு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏதாவது பெரிதாகக் கண்டால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள்.

அப்படியே ஆற்றங்கரைக்குப் போய் முகத்துவாரத்தில் நில்லுங்கள். நாச்சியார் தர்கா இருக்கும் ஊர் இது, எல்லா மதத்தாரும் வருகிறார்கள். தர்காவுக்குள் போகிறவர்கள் தலையை மூடிக்கொள்வது மரியாதை. சாயங்காலம் இங்கே நாட்டுப்படகுகள் நிற்கும். முகத்துவாரத்தை மணல் திட்டு எப்படி அடைக்கிறது, உப்புத் தண்ணீர் எதுவரை உள்ளே ஏறி வருகிறது என்று நடந்து பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: தென்கரை

காலையில் முதலில் திருப்புல்லாணி. ஆதிஜெகநாதப் பெருமாள் கோயில், புல்லணையில் படுத்த ராமர். கூட்டம் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் போதும். சேதுக்கரை பக்கத்திலேயே இருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே பெரியபட்டினம். கல்வெட்டுகள் இந்த ஊரைப் பவித்திரமாணிக்கப் பட்டினம் என்று அழைக்கின்றன. 1980களில் இங்கே நடந்த ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன, பெரும்பகுதி 13, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் தொடங்கிச் சீனத்தோடு நடந்த வணிகத்தின் தடயம் இது. இன்று அமைதியான கடலோர ஊர். அழகன்குளம் ஓய்ந்து பல நூற்றாண்டு கழித்து, தெற்குக் கடலில் இது எழுந்தது. ஊருக்குள் ஒரு சுற்று நடந்தாலே போதும், நேரத்தைக் கீழக்கரைக்கு மிச்சப்படுத்துங்கள்.

கீழக்கரையில் அரை நாளாவது இருக்க வேண்டும். இது இன்றும் உயிரோடு இருக்கும் துறைமுகப் பட்டினம். கப்பல் வருவது நின்றாலும் கடல் கடந்து போய் வியாபாரம் செய்யும் குணம் நிற்கவில்லை, கொழும்பும் துபாயும் இந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கத்துத் தெரு. வள்ளல் சீதக்காதி என்ற ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர் 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பல் விட்டவர். கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் அரபு எழுத்தில் தமிழ் எழுதி நூல்கள் செய்ததும் இந்த ஊரில்தான்.

பார்க்க வேண்டியது ஜும்மா பள்ளிவாசல். உள்ளே போனால் கோயில் மண்டபத்தில் நிற்பதுபோல் தோன்றும். வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள், தூணின் தலையில் விரிந்த போதிகை, போதிகையின் முனையில் கவிழ்ந்து தொங்கும் பூமொட்டு. உருவம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கொடியும் பூவும் பட்டையும். பாண்டிய நாட்டுச் சிற்பிகளின் மரபு, தொழுகைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து மேல்வரை நிதானமாகப் பாருங்கள். சதுரம் எட்டுப்பட்டையாகி, மறுபடி சதுரமாகும் இடங்களில் உளியின் துல்லியம் தெரியும்.

உள்ளே போகும்முன் வாசலில் இருக்கும் பெரியவரிடம் "பாய், உள்ள பாக்கலாமா?" என்று கேளுங்கள். தொழுகை நேரத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியத்தில் அறவே வேண்டாம். முழங்கால் மூடிய உடை அவசியம். பெண்கள் எதுவரை வரலாம் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்வது நல்லது. படம் எடுக்கவும் அனுமதி கேளுங்கள். ஊர்த் தெருக்களில் வீட்டு வாசலை நோக்கிக் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

மதியச் சாப்பாடு கீழக்கரையிலேயே. கடைசியில் தொதல் வாங்க மறக்காதீர்கள். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியோ சர்க்கரையோ சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. இதே பெயரில் இதே பண்டம் இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் உண்டு. நம்மவர்கள் கப்பல் விட்ட திசையை வரைபடம் இல்லாமலே நாக்கு சொல்லிவிடும்.

கடைகளில் சங்கு வாங்கலாம். இங்கே குளித்து எடுக்கும் சங்கு வளையலுக்காக வங்காளம் வரை போகிறது. ஆனால் பவளப்பாறைத் துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வாங்காதீர்கள். கடல் அட்டையும் அப்படித்தான். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டவை.

நேரம் இருந்தால் ஏர்வாடி தர்கா, பத்து கிலோமீட்டர்தான்.

தண்ணீரில் இறங்க

துறைமுகங்களைத் தரையிலிருந்து மட்டுமே பார்த்தால் பாதிதான். கரை எப்படித் தெரிகிறது என்று கடலிலிருந்து ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வனத்துறை உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்தும் படகுச் சவாரிகள் இருக்கின்றன. ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையில் கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகு. தேவிபட்டினத்தைத் தாண்டித் தொண்டி போகும் சாலையில் காரங்காடு, அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும். பாம்பன் தீவில் குந்துகால். ஒன்றுதான் முடியும் என்றால் காரங்காட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் ஓடையில் படகு போவது எப்படி என்று அங்கே தெரிந்துகொள்ளலாம், அழகன்குளத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும்.

காற்றடித்தால் சவாரி நிற்கும், அதனால் புறப்படும் முன் விசாரியுங்கள். உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். மீன்பிடிப் படகில் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மீனவர்களை நச்சரிக்கவே கூடாது. இலங்கைக் கடல் எல்லை பக்கத்தில் இருக்கிறது, சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் எதிலும் கால் வைக்க முடியாது.

மூன்றாம் நாள்: பாம்பன், தனுஷ்கோடி

1914இல் ஓடத் தொடங்கிய பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. புதிய பாலத்தை 1988இல் வந்த சாலைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாமல், முன்னாலேயே இறங்கி நடந்து போங்கள். கலங்களுக்காக ரயில் பாலம் மேலே ஏறுகிற நாளில் வந்தால் அதிர்ஷ்டம். காத்திருந்த கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். குந்துகாலில் விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது. 1897 ஜனவரியில் அவர் இலங்கையிலிருந்து வந்து கரை இறங்கிய இடம்.

தனுஷ்கோடியைப் புயல் அழித்த ஊராக மட்டும் பார்க்காதீர்கள். 1914 முதல் 1964 வரை அது சரியான துறைமுகம். சென்னையில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் இந்த வழியாகத்தான் போய் வந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவில் புயல் ரயிலையும் ஊரையும் கொண்டுபோனது. மிஞ்சியிருக்கும் தேவாலயச் சுவரில் கையை வைக்காமல், பக்கத்தில் நின்று பாருங்கள். செங்கல்லுக்கு நடுவே பவளக் கல், அதில் தேன்கூடு போன்ற துளைகள். அந்தச் சுவர்கள் ஆண்டுக்கு ஆண்டு உதிர்கின்றன. மேலே ஏறிப் படம் எடுப்பவர்களைக் கண்டால் தயவுசெய்து தடுத்துச் சொல்லுங்கள்.

அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு. குளிக்க இறங்க வேண்டாம், இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம் அது. குடிதண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போய், பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள்.

வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் மூன்றாம் நாளைச் சுருக்கி, பாம்பனோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் நாளை மட்டும் சுருக்காதீர்கள். ஊருக்குத் திரும்ப ராமேஸ்வரத்திலேயே ரயில் ஏறுவதாக இருந்தால், காலையில் அறையைக் காலி செய்து சாமான்களை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். தனுஷ்கோடியிலிருந்து இராமநாதபுரம் போய் மறுபடி ரயிலைப் பிடிக்கும் அலைச்சல் மிச்சம்.